நம் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கேன்சர் அதிகம் வருகிறது? பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்கும் முறை

மேற்படிப்பு டாக்டர்களில் ஆண்டுக்கு ஒருவராவது எங்கள் ரெக்கார்டு அறைக்கு வந்து, "அக்கா, அஞ்சு வருஷத்துக் கேன்சர் கேஸ் மொத்தமும் வேணும், எந்த ரேக்குல இருக்கு?" என்று கேட்பார்கள். எந்த ரேக்கிலும் இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 'எங்கள் மருத்துவமனையில் புற்றுநோயின் போக்கு' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வுக்கட்டுரைக்காக எடுத்தாலும் சரி, டீன் கேட்டு எடுத்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

நோட்டைத் திறக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் எண்ணப்போவது உங்கள் ஊரில் கேன்சர் வந்தவர்களை அல்ல. கேன்சர் வந்தவர்களில் உங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்களை மட்டும். இந்த இரண்டையும் நாட்டளவிலேயே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது சென்னை, மும்பை, பெங்களூரில் மக்கள்தொகை சார்ந்த பதிவேடு வைத்தது. சண்டிகர், திப்ருகர், திருவனந்தபுரத்தில் மருத்துவமனை சார்ந்த பதிவேடு வைத்தது. சென்னைப் பதிவேட்டை நடத்தும் அடையாறு புற்றுநோய் மையத்துக்காரர்கள் தங்கள் நோயாளிகளோடு நின்றுவிடுவதில்லை. நகரத்தின் மற்ற ஆஸ்பத்திரிகள், லேப்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவு என்று எல்லா இடத்திலிருந்தும் திரட்டுகிறார்கள். அதனால்தான் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம்மால் முடியாது. நம்மிடம் இருப்பது மேலே போடும் எண் மட்டும். கீழே போட வேண்டிய மக்கள்தொகை நம் கையில் இல்லை. மூன்று மாவட்டத்திலிருந்து வருகிறார்கள், பாதிப் பேர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், இதில் எதைக் கீழே போடுவது? ஆகவே 'நிகழ்வு வீதம்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். 'வந்தவர்களில் எந்த உறுப்பு எத்தனை விழுக்காடு' என்பதுதான் நம்மால் நேர்மையாகச் சொல்லக்கூடியது.

அப்புறம் வாசலை விசாரியுங்கள். நீங்கள் எடுக்கும் ஐந்து வருடத்தில் உங்கள் ஆஸ்பத்திரியில் எது வந்தது, எது போனது? கதிர்வீச்சு இயந்திரம் இருக்கிறதா, எந்த வருடம் வந்தது? இல்லாத இடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய அம்மாக்களை ஓபியிலேயே வேறு ஊருக்கு எழுதிக் கொடுத்து விடுவார்கள். அவர்கள் நம் கணக்கில் ஒரு சீட்டாகக்கூட மிஞ்ச மாட்டார்கள். மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் எப்போது சேர்ந்தார்? குழந்தைகள் வார்டிலிருந்து ரத்தப் புற்றுக் குழந்தைகளை எங்கே அனுப்புகிறார்கள்? காப்பீட்டையும் மறக்கக் கூடாது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தபின், அரசு ஆஸ்பத்திரியைத் தவிர வழியில்லை என்றிருந்தவர்கள் பலர் அட்டையோடு தனியார் ஆஸ்பத்திரிக்கும் போக முடிந்தது. 2020-இல் ஊரடங்கு. அந்த வருடக் கணக்கு சரிந்திருந்தால் கேன்சர் குறைந்தது என்று அர்த்தமில்லை, பஸ் ஓடவில்லை என்று அர்த்தம். இவற்றையெல்லாம் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு அட்டவணைக்கும் அந்தத் தாள் தேவைப்படும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, டீன் கையெழுத்து, நோயியல் துறைத் தலைவரின் ஒப்புதல், இந்த மூன்றும் கையில் இல்லாமல் ரெக்கார்டு அறைக்கு வராதீர்கள். கொடுக்க எங்களுக்கு ஆசைதான், அதிகாரம் இல்லை.

எந்த நோட்டுகளைப் பார்ப்பது

பெரும்பாலோர் நோயியல் துறையின் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) நோட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வசதியான நோட்டு. வரிசை எண் இருக்கும், முடிவு இருக்கும். ஆனால் கத்தியும் ஊசியும் எளிதாக எட்டுகிற உறுப்புகளின் நோட்டு அது. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாம் அதில் நிறைந்திருக்கும். கல்லீரல் புற்று இருக்காது. ஈரல் சுருங்கிய நோயாளிக்கு சிடி ஸ்கேனில் அதற்கே உரிய அடையாளம் தெரிந்துவிட்டால் சதை எடுக்காமலேயே முடிவு செய்வது நடைமுறை. கணையப் புற்றும் நுரையீரல் புற்றும் பல சமயம் சதை எடுக்கும் நிலையைத் தாண்டித்தான் வருகின்றன. ரத்தப் புற்று எலும்பு மஜ்ஜை நோட்டில் இருக்கும், அது வேறு மேசையில். பயாப்சி நோட்டை மட்டும் வைத்து 'எங்கள் பகுதியில் கல்லீரல் புற்று அரிது' என்று எழுதினால், அது பகுதியைப் பற்றிய செய்தி அல்ல, நோட்டைப் பற்றிய செய்தி.

ஆகவே பயாப்சி நோட்டோடு ஊசிவழிச் செல் ஆய்வு நோட்டு, மஜ்ஜை மற்றும் ரத்தப் படல நோட்டு, எண்டோஸ்கோப்பி அறை நோட்டு, சிடி, எம்ஆர்ஐ அறிக்கைகள், கேன்சர் வார்டு அட்மிஷன் நோட்டு, கீமோ டேகேர் நோட்டு, காப்பீட்டுப் பிரிவின் ஒப்புதல் பட்டியல், இறப்புச் சுருக்கம் எல்லாவற்றையும் கேளுங்கள். இதில் காப்பீட்டுப் பட்டியலை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் தங்கம். பணம் சம்பந்தப்பட்டது என்பதால் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

கணக்கில் சேர யார் தகுதி என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முதன்முறையாகக் கேன்சர் உறுதியானவர்கள். வெளியில் ஆபரேஷன் செய்துவிட்டு கீமோவுக்கு மட்டும் இங்கே வந்தவர்களை சேர்ப்பீர்களா, தனியாக வைப்பீர்களா? எதுவானாலும் சரி, ஐந்து வருடமும் ஒரே விதி. மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்த பழைய கேன்சர் புது கேஸ் அல்ல.

ஓர் ஆள், ஒரு வரி

வேலையில் பாதி இங்கேதான். கற்பனையாக ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் செல் ஆய்வு நோட்டில் 'எஸ். மாரியம்மாள், 50, இடது மார்பகக் கட்டி'. ஏப்ரலில் பயாப்சி நோட்டில் 'கே. மாரியம்மாள், 52'. நவம்பரில் மறுபடி பயாப்சி நோட்டில், மார்பகம் அகற்றிய மாதிரிக்கு 'மாரியம்மா, 55'. மூன்று பேரா? ஒரே ஆள்தான். முதல் தடவை துணைக்கு வந்தவர் அண்ணன், அப்பா சுப்பையா பெயரின் இனிஷியலைச் சொன்னார். அடுத்த தடவை கணவர் கருப்பசாமி வந்தார், இனிஷியல் மாறிவிட்டது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவே கட்டியைச் சுருக்க கீமோ கொடுத்திருக்கிறார்கள், அதுதான் அந்த இடைவெளி. கீமோ நன்றாக வேலை செய்திருந்தால் நவம்பர் அறிக்கையில் 'கட்டி எதுவும் மிச்சமில்லை' என்றே இருக்கும். அறுவை சிகிச்சை மாதிரிகளை மட்டும் எண்ணுகிறவர் அந்த அம்மாவைக் கேன்சரே இல்லாதவர் என்று விட்டுவிடுவார். எல்லா நோட்டையும் கூட்டி எண்ணுகிறவர் மூன்று பேர் என்பார்.

இதைப் பிடிக்க எக்செலில் 'டூப்ளிகேட் நீக்கு' பொத்தானை நம்பாதீர்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் வழிக்கு முடிவே கிடையாது. மாரியம்மாளுக்கு நடுவில் 'ஒய்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. முருகேசனுக்கு 'ஜி' போடுபவர் உண்டு, 'கே' போடுபவரும் உண்டு. நான் செய்வது இதுதான்: பெயரின் முதல் மூன்று எழுத்து, ஆணா பெண்ணா, உறுப்பு, ஊர், இந்த நான்கையும் வைத்து வரிசைப்படுத்துவேன். அடுத்தடுத்த வரியில் வந்து நிற்பவர்களைக் கண்ணால் பார்த்துப் போன் நம்பரை ஒப்பிடுவேன். பிறகு முதலெழுத்தில் 'எஸ்' போட்டவர், 'சி' போட்டவர் (செல்வி, செல்லம்மாள், சண்முகம் வகையறா) இவர்களை மட்டும் தனியாக ஒருமுறை. சலிப்பான வேலை. ஆனால் ஆறப்போடாமல் செய்ய வேண்டிய வேலை.

உறுதியான தேதி என்பது செல் ஆய்வோ பயாப்சியோ முதலில் எதில் கேன்சர் என்று வந்ததோ அந்தத் தேதி. டிசம்பரில் ஊசி, ஜனவரியில் சதை என்றால் அவர் பழைய வருடத்துக்காரர். ஸ்கேனை மட்டும் வைத்து முடிவானவர்களுக்கு அந்த ஸ்கேன் தேதி. எதை வைத்து உறுதியானது என்பதற்கும் எக்செலில் ஒரு பத்தி (நெடுவரிசை) போடுங்கள். சர்வதேச வழக்கப்படி செல் ஆய்வுக்கு 5, பரவிய இடத்துச் சதைக்கு 6, தோன்றிய இடத்துச் சதைக்கு 7.

வயது இன்னொரு தொல்லை. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று முழுசாகத்தான் சொல்வார்கள். ஐம்பத்தெட்டு என்று சொன்னவர் ரிட்டயர்டு வாத்தியாராக இருப்பார். ஆதாரைப் பார்த்தால் பிறந்த வருடம் மட்டும் இருக்கும், அல்லது ஊரில் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்திருப்பார்கள். அதனால் ஐந்தைந்து வயதுத் தொகுப்பைவிடப் பத்துப் பத்தாகப் பிரிப்பது நமக்குப் பாதுகாப்பு. குழந்தைகளை 0 முதல் 14 வரை தனியாக எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு வரும் கேன்சர் வகைகளே வேறு.

முகவரியில் டவுன் பெயர் இருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். சிகிச்சைக்காக மகள் வீட்டில் தங்கி, அந்த முகவரியைக் கொடுத்திருப்பார்கள். தேசியப் பதிவேட்டில், ஒரு வருடமாவது வசித்திருந்தால்தான் அந்த ஊர்க்காரர் என்று கணக்கு. நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

குறியீடு போடுவது

நோயின் பெயரை இஷ்டத்துக்கு எழுதாமல் ஐசிடி-ஓ (கேன்சருக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் குறியீட்டுப் பட்டியல்) மூன்றாம் பதிப்பின் குறியீட்டைப் போடுங்கள். ஒவ்வொரு கேன்சருக்கும் இரண்டு எண். முதலாவது எங்கே தோன்றியது என்பது: கன்னத்தின் உட்புறம் சி06.0, இரைப்பை சி16, நுரையீரல் சி34, மார்பகம் சி50, கர்ப்பப்பை வாய் சி53. இரண்டாவது எந்தத் திசு என்பது: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தோல், வாய் போன்றவற்றின் மேல்படலச் செல்லில் தோன்றுவது) 8070/3, அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்லில் தோன்றுவது) 8140/3. சாய்கோட்டுக்குப் பின்னால் 3 இருந்தால் கேன்சர். 2 இருந்தால் ஊடுருவாத ஆரம்ப நிலை. 0 இருந்தால் சாதாக் கட்டி. நம் அட்டவணையில் 3 மட்டும் வர வேண்டும். 2-ஐத் தனியாகச் சொல்லலாம், கலக்கக் கூடாது.

கழுத்து நெறிக்கட்டிதான் அடிக்கடி குழப்பும். ஊசி அறிக்கையில் 'நெறிக்கட்டியில் பரவிய ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்றிருக்கும். அதை நெறிக்கட்டிப் புற்று என்று போட்டுவிட்டால் உங்கள் பட்டியலில் நெறிக்கட்டி நான்காம் இடத்துக்கு வந்து நிற்கும். அது தோன்றிய இடமல்ல, போய்ச் சேர்ந்த இடம். காது மூக்கு தொண்டை ஓபி நோட்டை எடுத்துப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதியிலோ தொண்டையின் கீழ்ப்பகுதியிலோ புண் இருந்ததாக அதே வாரத்தில் எழுதியிருப்பார்கள். எங்கு தேடியும் கிடைக்காவிட்டால்தான் சி80.9, அதாவது தோன்றிய இடம் தெரியாதது. இந்த சி80.9 பட்டியலில் மேலே மேலே ஏறினால் தேடல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு கேன்சரும் வரலாம். கர்ப்பப்பை வாயில் ஒன்று, சில வருடம் கழித்து மார்பகத்தில் ஒன்று என்றால் இரண்டு வரி. ஆனால் இரண்டு மார்பகத்திலும் ஒரே வகைத் திசு என்றால், சர்வதேசப் பதிவேட்டு விதிப்படி ஒன்றாகவே எண்ண வேண்டும்.

அட்டவணையும் அதைப் படிப்பதும்

ஆண், பெண் தனித்தனியாக முதல் பத்து உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, பக்கத்தில் விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் போட்டு எண்ணிக்கையை மறைத்த அட்டவணையை நான் நம்புவதே இல்லை. காரணத்தை ஒரு பாவனைக் கணக்கில் காட்டுகிறேன். ஒரு வருடம் 200 பெண்கள் வந்தார்கள், அதில் கர்ப்பப்பை வாய் 60, மார்பகம் 50. ஏழு வருடம் கழித்து 300 பெண்கள், கர்ப்பப்பை வாய் அதே 60, மார்பகம் 110. விழுக்காட்டில் பார்த்தால் கர்ப்பப்பை வாய் 30-இலிருந்து 20-க்கு இறங்கிவிட்டது. ஆட்கள் குறைந்தார்களா? ஒருவர்கூடக் குறையவில்லை. மார்பகம் ஏறியதால் மற்றதன் பங்கு சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த மார்பக ஏற்றமும் நோய் கூடியதாலா, புதிதாக ஓர் அறுவை சிகிச்சை டாக்டர் வந்ததாலா என்பதை முதலில் எழுதி வைத்த தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையில் 1980-களில் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதலிடத்தில் இருந்தது, பிறகு மார்பகப் புற்று முந்திவிட்டது. அது மக்கள்தொகைப் பதிவேடு சொன்னது, நம்பலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் கர்ப்பப்பை வாய் முதலிடம் என்றால் உடனே 'நம் மாவட்டம் பின்தங்கியது' என்று எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். வசதியுள்ளவர்கள் தனியாருக்குப் போய், ஏழைகள் மட்டும் நம்மிடம் வந்தாலும் இதே படம்தான் கிடைக்கும்.

சின்ன எண்களில் இன்னும் கவனம். போன வருடம் 9 சிறுநீரகப் புற்று, இந்த வருடம் 14. 'ஐம்பத்தைந்து விழுக்காடு உயர்வு' என்று ஒரு மாணவர் தலைப்பே போட்டு வந்தார். இதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 9-க்கு வர்க்கமூலம் 3, இரண்டு மடங்கு 6. ஆக 3 முதல் 15 வரை எதுவும் சும்மா தற்செயலாகவே வரலாம். 14 அதற்குள்தான் இருக்கிறது. வருடத்துக்கு வருடம் பார்க்காமல் இரண்டு, மூன்று வருடங்களைச் சேர்த்து ஒப்பிட்டால் இந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும்.

பழக்கவழக்கப் பத்தி எப்போதும் பாதி காலியாகத்தான் இருக்கும். பயிற்சி டாக்டர் "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்பார். பாட்டி "ஐயோ, எனக்கு ஒரு பழக்கமும் கிடையாதுப்பா" என்பார், இடுப்பில் சுருக்குப் பையோடு. வெற்றிலை பாக்கு போடுவதை அவர் பழக்கம் என்றே நினைப்பதில்லை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது. ஆகவே கேஸ் ஷீட்டில் காலியாக இருப்பதை 'இல்லை' என்று போடாதீர்கள். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு பிரிவு வைத்து, அது எத்தனை பேர் என்று கட்டாயம் காட்டுங்கள்.

இதிலிருந்து காரணம் சொல்லப் போனால் வழுக்கிவிடும். வாய்ப் புற்றுக்காரர்களில் இத்தனை பேர் புகையிலை போட்டார்கள் என்பது தனியாக எதையும் நிரூபிக்காது, நோயில்லாதவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்பதும் வேண்டும். அவர்களையும் ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்தால் இன்னொரு சிக்கல். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குள் மட்டும் பார்த்தால் ஊரில் இல்லாத தொடர்புகூட இருப்பதுபோலத் தெரியும் என்று புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946-இலேயே பித்தப்பை அழற்சியையும் சர்க்கரை நோயையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். புகையிலை கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. அதைப் புதிதாக நிரூபிக்க நம் நோட்டு தேவையில்லை, அவ்வளவுதான்.

நம் நோட்டால் நிஜமாகவே உபயோகம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த நிலையில் வருகிறார்கள்? கட்டி இருக்கும் இடத்தோடு நின்றதா, பக்கத்து நெறிக்கட்டிக்குப் போனதா, தூரத்து உறுப்புக்குப் போனதா என்று மூன்றாகப் பிரித்துத் தாலுகாவாரியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலுகாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முற்றித்தான் வருகிறார்கள் என்றால், அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நடக்கிறதா என்று கேட்க ஆதாரம் கிடைக்கும். அறிகுறி தெரிந்த நாளுக்கும் முதல் சீட்டுப் போட்ட நாளுக்கும் எத்தனை மாதம், சதை எடுத்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் எத்தனை வாரம், முடிவு வந்தும் வாங்க வராமல் போனவர்கள் எத்தனை பேர், இதையெல்லாம் எடுங்கள். இதற்கு மக்கள்தொகை எண் தேவையில்லை. வந்தவர்களை வைத்தே சொல்லலாம், சரியாகவும் இருக்கும். இவ்வளவு இருந்தும் இந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் கடைசியில் ஒரு பத்தியாக முடித்துவிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் பெயர், போன் நம்பர் இருக்கும் கோப்பைத் துறையில் பூட்டி வைத்துவிட்டு, எண் மட்டும் உள்ள பிரதியை எடுத்துப் போங்கள். பென் டிரைவில் பெயரோடு எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போவது கூடவே கூடாது. குறியீட்டு விதிகளையும் நீங்கள் எடுத்த முடிவுகளையும் இரண்டு பக்கத்தில் அச்செடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வருடம் வருகிறவர் அங்கிருந்தே தொடரலாம். முடிந்தால் துறைத் தலைவரிடம் பேசி பயாப்சி விண்ணப்பத் தாளில் நான்கு கட்டங்கள் போடச் சொல்லுங்கள்: அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் தனித்தனியாக, போன் நம்பருக்கு ஒன்று, வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்க ஒன்று.